திருப்பிப் போட்ட நாற்காலி

ஜூலை 6, ஞாயிறு

இன்றிலிருந்து டைரி எழுதுகிறேன். ஆசைப்பட்டு இல்லை. எங்கள் வான்தேடல் துணைப்படையில் நாலாம் நிலைக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள் அறுபது நாள் நாட்குறிப்பு எழுதி ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. "தினமும் என்ன செஞ்சீங்க, என்ன கத்துக்கிட்டீங்க, எங்க தப்பு பண்ணீங்க. மூணும் வேணும் ரெஜினா" என்றார் கமாண்டர் பொன்னுத்துரை சார். விமானப்படையில் இருபது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். தப்பை எழுதிக் கொடு என்றால் எவள் எழுதிக் கொடுப்பாள்? அதனால் உப்புக் கம்பெனியில் தந்த இந்த டைரியில் மனசில் பட்டதை எழுதிக்கொள்கிறேன். கடைசி வாரம் நல்லதை மட்டும் பொறுக்கி, கோடு போட்ட நோட்டில் அழகாகப் படி எடுத்துக் கொடுத்துவிட்டால் போச்சு.

துணைப்படை என்றதும் துப்பாக்கியை நினைக்க வேண்டாம். நாங்கள் எல்லாரும் வேலைக்குப் போகிற சாதாரண ஜனம். நான் உப்புக் கம்பெனி எடைமேடையில் கிளார்க். கடலில் படகு காணாமல் போனால் பறக்கும் கிளப்பின் சின்ன விமானத்தில் ஏறித் தேடிக் கொடுப்பது எங்கள் வேலை. சம்பளம் கிடையாது. சட்டைத் தோளில் நிலைக்கு ஒரு பட்டை, அவ்வளவுதான். அந்தப் பட்டைக்கு ஏழு வருஷமாக நாய் மாதிரி அலைகிறேன். காதில் ஒரு கோளாறு, மேலே ஏறினால் தலை சுற்றும். அதனால் எனக்கு எப்போதும் தரையில் வயர்லெஸ் மேசை. மூன்று பட்டை வாங்கிவிட்டேன். நாலாவது வந்தால் பயிற்சி அலுவலர். அதற்கு நான் ஐந்து பேருக்குப் பயிற்சி கொடுத்துத் தேறவைக்க வேண்டும். நாலு பேர் தேறியாச்சு.

ஐந்தாவது ஆள் யார் என்றால், வேறு யார், என் சம்மந்தி! செப்டம்பர் பத்தாம் தேதி என் மகள் டெல்சிக்கும் அவர் மகன் ரொனால்டுக்கும் கல்யாணம். பேச்சுவாக்கில் துணைப்படையைப் பற்றி நான் பெருமை அடிக்கப் போக, மறுநாளே மனுஷன் வந்து பேர் கொடுத்துவிட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஜூலை 8, செவ்வாய்

எடைமேடையில் இன்று நாற்பத்தாறு லாரி. கச்சான் காற்று புழுதியை வாரி வாரி முகத்தில் அடிக்கிறது. கல்யாணப் பத்திரிகைக்குப் படி வந்தது. அவுக, அதான் டெல்சி அப்பா, பெயரில் எழுத்துப் பிழை. வேலை பார்க்கிற கப்பலில் இருந்து போன் பண்ணினார்கள். தன் பெயர் தப்பாக இருந்தாலும் மாப்பிள்ளை வீட்டார் பெயர் சரியாக இருக்கிறதா என்றுதான் முதல் கேள்வி.

ஜூலை 13, ஞாயிறு

மொட்டைமாடியில் வகுப்பு. பயிற்சிக்கு விமானம் தர மாட்டார்கள், பெட்ரோலுக்கு எங்கே போவது? அதனால் மாடியில் முன்னே ரெண்டு, பின்னே ரெண்டு என்று பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பக்கவாட்டில் பழைய பஸ் ஜன்னல் ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறோம். அதுதான் எங்கள் விமானம். பின்சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்க்கிறவர் கீழே எதைக் கண்டாலும் மணி சொல்லித்தான் திசை காட்ட வேண்டும். விமானத்தின் மூக்கு இருக்கிற பக்கம் பன்னிரண்டு மணி. வலது இறக்கை மூன்று, வால் ஆறு, இடது இறக்கை ஒன்பது. "பத்து மணியில வெள்ளையா ஏதோ" என்றால் பைலட் தலையைத் திருப்பாமலே புரிந்துகொள்வார்.

சம்மந்தி லாரன்ஸ் கொரைரா ரயில்வேயில் கார்டாக இருந்தவர். அறுபத்தொரு வயது. "முப்பது வருஷம் கடைசிப் பெட்டியில நின்னு சிக்னல் பாத்த கண்ணு சம்மந்தியம்மா இது. கொக்கு முட்டை போட்டாலும் சொல்லிருவேன்" என்கிறார். உண்மைதான், கண் அபாரம். கழுத்துதான் மோசம், பட்டை கட்டியிருக்கிறார். நேரே உட்கார்ந்து பக்கவாட்டில் திரும்பிப் பார்த்துப் பார்த்துப் பத்து நிமிஷத்தில் முகமெல்லாம் வேர்த்துவிட்டது. பாவமாக இருந்தது. "கழுத்தை ஏன் வருத்துறீங்க, நாற்காலியை ஜன்னல் பக்கமாவே திருப்பிப் போட்டுக்கங்க" என்றேன். நானே எழுந்து திருப்பியும் போட்டேன். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. எல்லாருக்கும் மக்ரூன் வாங்கி வந்திருந்தார்.

ஜூலை 15, செவ்வாய்

டெல்சிக்குச் சேலை எடுத்தோம். கால் வீங்கிவிட்டது.

ஜூலை 20, ஞாயிறு

ஒரு சின்னச் சிக்கல். சம்மந்தி மணியைத் தன் முகத்தை வைத்துச் சொல்கிறார். ஜன்னலுக்கு நேரே கிடந்த சிவப்பு வாளியைப் பார்த்து "பன்னிரண்டு மணி" என்றார். இடது ஜன்னல் அது. ஒன்பது என்று சொல்ல வேண்டும். "சம்மந்தி, பன்னிரண்டுங்கிறது விமானத்தோட மூக்கு" என்றேன். "அட ஆமா, மறந்துட்டேன் பாருங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார். அடுத்ததையும் அப்படியே சொன்னார். மறுபடி திருத்தினேன். மூன்றாவது தடவை மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் முகம் சுருங்கிப் போனது. அதற்கப்புறம் நான் திருத்தவில்லை. நாலு பேர் முன்னால் சம்மந்தியைப் போய் எத்தனை தடவைதான் தப்பு தப்பு என்பது?

இன்றைக்கும் மக்ரூன்.

ஜூலை 27, ஞாயிறு

சம்மந்திக்குத் தேர்வு. கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிற பொட்டலில் பத்துப் பொருளைப் பரப்பி வைப்போம், வாளி, டயர், சாக்கு, கேன் என்று. பொருளையும் மணியையும் சேர்த்துச் சொன்னால்தான் ஒரு மார்க். எட்டு வாங்கினால் தேர்ச்சி. தேர்வு வைப்பதும் நான்தான், மார்க் போடுவதும் நான்தான்.

"இன்னைக்கும் நாற்காலியைத் திருப்பிக்கலாமா?" என்று கேட்டார். சரி என்றேன். முதல் இரண்டையும் யோசித்து யோசித்துச் சரியாகச் சொன்னார். மீதி எட்டிலும் பொருள் ஒன்றைக்கூட விடவில்லை. முள்ளுக்குள் கிடந்த கறுப்பு டயரைக்கூடச் சொல்லிவிட்டார், போன வருஷம் அதை ஒருத்தரும் பார்க்கவில்லை. பார்வைதானே முக்கியம்? அவர் சொல்கிற மணியில் மூன்றைக் கழித்தால் எல்லாமே சரியாகத்தான் வருகிறது. எட்டு மார்க் போட்டுக் கையெழுத்திட்டேன்.

பிலோமி அக்கா, அவர் சம்சாரம், சாயங்காலமே போன் பண்ணி, "அவுக பாஸானதும் வீட்டுல ஒரே ஆட்டம்" என்று சிரித்தார்கள். எனக்கும் ஐந்து பேர் கணக்கு முடிந்தது.

ஜூலை 28, திங்கள்

ஒரு லாரி டிரைவர் எடையில் ஐம்பது கிலோ கூட்டி எழுதச் சொன்னான். "எங்கம்மா மாதிரி இருக்கீங்க, ஒரு தடவை" என்றான். "உங்கம்மா களவாணியா இருந்தா அவகிட்டப் போய் எழுதி வாங்குலே" என்று கத்திவிட்டேன். மேனேஜர் எட்டிப் பார்த்தார். பதினெட்டு வருஷமாக இந்த மேசையில் ஒரு கிலோ முன்னே பின்னே எழுதியது இல்லை. இன்றைக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாதா கோயில் திருவிழா. ஊரே தெருவில். சம்மந்தி துணைப்படைச் சட்டையைப் போட்டுக்கொண்டே வந்திருந்தார், புதுப் பட்டையோடு. பார்க்கிறவர்களிடமெல்லாம், "எல்லாம் எங்க சம்மந்தியம்மா போட்ட பிச்சை" என்று என்னைக் காட்டினார். எனக்குக் கூட்டத்தில் புகுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அப்புறம் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

டெல்சிக்கு முதல் ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு பூசையில் பெண் பேரும் மாப்பிள்ளை பேரும் சொல்லி, "இதற்குத் தடை ஏதேனும் தெரிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று சாமியார் சொல்வது வழக்கம். ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். இன்று கையில் இருந்த பாட்டுப் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டேன். பெற்றவளுக்கு அப்படித்தான் இருக்கும் என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னாள்.

மாலையில் இந்த மாத வேலைப்பட்டியல் போட்டேன். பதினான்காம் தேதிக்கு இடது பின்சீட் முருகேசன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்றைக்கு நடந்ததை இன்றே எழுதிவிடுகிறேன்.

தெரஸ்புரத்தில் இருந்து செவ்வாய்க்கிழமை போன ஃபைபர் படகு திரும்பவில்லை. மூன்று பேர். பெரிய கப்பல்கள் தெற்கே தேட, வடக்கே ஒரு துண்டு எங்களுக்கு. காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டார்கள். முருகேசனுக்குக் காய்ச்சல். பட்டியலில் அடுத்த பேர் லாரன்ஸ் கொரைரா. வேறு ஆளுக்குப் போன் போட்டிருக்கலாம். ஆனால் அதற்குள் சம்மந்தி சட்டையை இஸ்திரி போட்டு வந்து நின்றுவிட்டார். "முதல் தடவை சம்மந்தியம்மா, சிலுவை போட்டு அனுப்புங்க" என்று நெற்றியைக் காட்டினார். அந்த மனுஷனை இறங்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பைலட் கேப்டன் அர்ஷத். பக்கத்தில் வயர்லெஸ் பேச ஒருவர். பின்னால் இடதில் சம்மந்தி, வலதில் இன்னொருவர். வயல் உழுகிற மாதிரி போவதும் வருவதுமாகத் தேடினார்கள். 10.12க்குச் செய்தி வந்தது: "இடது பின்சீட், பன்னிரண்டு மணியில் நீலமாக ஏதோ. நேரே போகிறோம்." எழுதிக்கொண்டேன். கொஞ்சம் கழித்து, "முன்னால் ஒன்றும் இல்லை. அலைதான் போல. தேடலைத் தொடர்கிறோம்."

நடுவில் டெல்சி போன் பண்ணினாள், பிளவுஸ் தைக்கிறவள் கை அளவைக் குறைத்துவிட்டாளாம். பிறகு பேசுகிறேன் என்றேன், கேட்கவில்லை. டீ வந்து ஆடை படிந்துவிட்டது. தண்ணீர் கேன் போடுகிற ஆளுக்குக் கையெழுத்துப் போட்டேன். நீலம் என்றால் என்னவாக இருக்கும் என்றுதான் மனசு ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் உடனே மைக்கை எடுத்தேன். "நீலம் பாத்த இடத்துக்கே திரும்பிப் போங்க. அங்கிருந்து இடது பக்கம் தேடுங்க" என்றேன். "ஏன்?" என்றார் கேப்டன். "ஒரு தோணல்" என்றேன்.

11.05க்குக் கண்டுபிடித்துவிட்டார்கள். கவிழ்ந்த படகு, நீல டீசல் கேன், அதைக் கட்டிப்பிடித்தபடி இரண்டு பேர் உயிரோடு.

மூன்றாவது ஆள் இல்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம். பொன்னுத்துரை சார் எல்லார் முன்னாலும், "ரெஜினாவுக்கு ஞானக்கண்ணு. உடனே திரும்பிப் போகச் சொல்லலேன்னா அந்த ரெண்டு உசுரும் போயிருக்கும்" என்றார். கைதட்டினார்கள். சம்மந்திக்கும் மாலை. நீலத்தைப் பார்த்தவர் அவர்தானே. "எனக்கு நேரா தெரிஞ்சுது சார், பொய் சொல்லல" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மிட்டாய் கொடுத்தார்கள். வாயில் வைத்தேன். யாரும் பார்க்காமல் கைக்குட்டையில் துப்பினேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இரண்டாம் ஓலை. அதே பூசையில் சூசை மரியானுக்காக ஜெபித்தார்கள். அவர்தான் அந்த மூன்றாவது ஆள். ஐம்பத்தெட்டு வயது. உடம்பு இன்னும் கிடைக்கவில்லை. அவர் சம்சாரம் மூன்றாவது வரிசையில் இருந்தாள். நான் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பிழைத்தவர்களிடம் வாக்குமூலம் வாங்கி வரச் சொன்னார் சார். ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிழைத்த இருவரில் ஒருவன் சூசை மரியானின் அக்கா மகன் ஜெரோம். உதடெல்லாம் உப்பு வெடித்து, பேசவே கஷ்டப்பட்டான். "அக்கா, நீங்கதான் திரும்பி வரச் சொன்னீங்களாமே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். கையை உருவிக்கொள்ள முடியவில்லை.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "விமானம் மொதல்ல எங்க பக்கத்துலதான் வந்துச்சு. ஜன்னல்ல ஆள் இருக்கது தெரிஞ்சுது. மாமா கையை ஆட்டுனாரு. அது நேரே போயிருச்சு. வரும் வரும்னு பாத்தோம். 'அவன் நம்மள பாத்துட்டான்லே, திரும்புவான்'னுதான் மாமா சொல்லிக்கிட்டே இருந்தாரு. அரை மணி நேரம் ஆச்சு. அப்புறம் 'வர மாட்டான்'னு சொன்னாரு. கேன்ல இருந்து கை வழுக்கிருச்சு. நான் எட்டிப் புடிச்சேன்க்கா, சட்டைதான் கெடச்சுது."

"எத்தனை மணி?" என்று கேட்டேன். படிவத்தில் நேரத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது, அதனால் கேட்டேன்.

கையைத் தூக்கிக் காட்டினான். தண்ணீர் போகாத வாட்ச். "பத்தே முக்கா. நான் பாத்தேன்."

ஆகஸ்ட் 20, புதன்

அவுக கப்பலில் இருந்து போன். எனக்கு உடம்பு சரியில்லை என்று டெல்சி சொல்லிவிட்டாள் போல. பாதி சொன்னேன். சம்மந்திக்கு மணி சொல்ல வராது, தெரிந்தே பாஸ் போட்டேன் என்று. "யார்ட்டயும் சொன்னியா?" என்றார்கள். இல்லை என்றேன். "கல்யாணம் முடியிற வரைக்கும் வாயத் தொறக்காத. மாப்பிள்ளையோட அப்பாவப் போய் ஆளைக் கொன்னவன்னு சொல்லுவியா? நம்ம புள்ள அந்த வீட்டுலதான் போய் வாழணும் ரெஜினா."

அவர் கொல்லவில்லை என்று சொல்ல வந்தேன். லைன் போய்விட்டது.

ஆகஸ்ட் 21, வியாழன்

பொன்னுத்துரை சார் ரெண்டு வேலை கொடுத்தார். ஒன்று, பதினான்காம் தேதி வயர்லெஸ் பதிவைச் சுத்தமாகப் படி எடுத்துத் தர வேண்டும், அது என் நாலாம் நிலை விண்ணப்பத்தோடு போகும். பென்சில் பதிவில் நான் மைக்கை எடுத்த வரிக்கு நேரே நேரம் எழுதவில்லை. "நேரம் விட்டுப் போச்சே" என்றார். கேப்டனைக் கேட்டதற்கு, "பத்தே கால் பத்தரை இருக்கும், நான் எங்க பாத்தேன்?" என்றாராம். "பத்து இருபதுன்னு போட்டுருங்க ரெஜினா, உங்களுக்குத்தானே தெரியும்" என்றார் சார்.

இரண்டாவது, நீலத்தைக் கண்டதற்காகச் சம்மந்திக்கு ஒரே தாவலாக மூன்றாம் நிலைக்குப் பரிந்துரை. அடுத்த மாதம் வருகிற புது ஆட்களுக்குப் பார்வைப் பயிற்சி அவர்தான் கொடுக்க வேண்டுமாம். என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். கையெழுத்துப் போட்டால் அவர் இன்னும் பத்துப் பேருக்கு அப்படியே சொல்லிக் கொடுப்பார். போடாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் ஜூலை 27 வரும். ஜூலை 27 வந்தால் பதினான்காம் தேதி வரும்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பிளவுஸ் சரியாகிவிட்டது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மூன்றாம் ஓலை. "தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்." பூசை முடியும் முன்னே எழுந்து வந்துவிட்டேன்.

மாதாவே, இதில் மட்டுமாவது ஒழுங்காக எழுதித் தொலைக்கிறேன். நான் "உடனே" மைக்கை எடுக்கவில்லை. பத்து பன்னிரண்டுக்குச் செய்தி வந்த அந்த நொடியே எனக்குத் தெரியும். இடது ஜன்னல், பன்னிரண்டு மணி, சொன்னவர் சம்மந்தி. மூன்றைக் கழித்தால் ஒன்பது. படகு அவர் முகத்துக்கு நேரே, விமானத்துக்கு இடது பக்கம் இருக்கிறது. இது எனக்குத் தெரிய ஒரு நொடிகூட ஆகவில்லை. மைக்கில் கை வைத்துவிட்டேன். சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. சம்மந்தி தலை குனிவாரே. டெல்சி. பட்டை. என் பட்டையையும் நினைத்தேன், அதையும் எழுதத்தான் வேண்டும். அவர்களே திரும்பிப் பார்ப்பார்கள், இன்னொரு சுற்றில் தெரிந்துவிடும் என்று காத்திருந்தேன். டெல்சியிடம் பிளவுஸ் கை பற்றி எட்டு நிமிஷம் பேசினேன். தண்ணீர்க் கேன்காரனுக்குச் சில்லறை தேடினேன். சுவரில் பெரிய கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. மைக்கை எடுத்தபோது அதில் 10.51.

முப்பத்தொன்பது நிமிஷம். ஜெரோம் வாட்சில் பத்தே முக்கால்.

தேர்வில் சம்மந்தி வாங்கியது இரண்டு மார்க். எட்டு நான் போட்டது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கம்பெனிக்கு லீவ் போட்டுவிட்டு சம்மந்தி வீட்டுக்குப் போனேன். தேர்வுத்தாளை எடுத்துக்கொண்டேன்.

முன்கூடத்தில் கழுத்துப் பட்டையோடு உட்கார்ந்து ஒரு பெரிய அட்டையில் படம் வரைந்துகொண்டிருந்தார். புது ஆட்களுக்குப் பாடமாம். வட்டமாகக் கடிகாரம், பன்னிரண்டு எண்ணும் கலர் கலராக. நடுவில் விமானம் இல்லை. ஒரு மனுஷத் தலை போட்டிருந்தார், மூக்கு பன்னிரண்டைப் பார்த்தபடி. "எப்படி சம்மந்தியம்மா, எளுப்பமாப் புரியும்லா?" என்றார்.

நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று பயம். நாற்காலியில் ஆரம்பித்து ஜெரோம் வாட்ச் வரைக்கும் ஒன்றையும் விடாமல் சொன்னேன். பிலோமி அக்கா கரண்டியோடு வாசலில் வந்து நின்றுவிட்டார்கள்.

அவர் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ நான் பாத்தது?"

"நீங்க சரியாத்தான் பாத்தீங்க. உங்களுக்கு நேரே படகுதான்."

"ஒரு கை ஆடுன மாதிரிகூட இருந்துச்சு. முன்னால ஒண்ணும் இல்லைன்னு அவங்க சொன்னதும், வயசாயிட்டு, கண்ணு போயிட்டுன்னு நெனச்சேன்." கையில் இருந்த கலர் பென்சிலைக் கீழே வைத்தார். "நேரே போங்கன்னு சொல்லி அனுப்புனது நான்லா."

"சொல்லிக் கொடுத்தது நான், சம்மந்தி."

தேர்வுத்தாளைக் கேட்டு வாங்கினார். என் எட்டைப் பார்த்தார். "ரெண்டா?" என்றார். தலையாட்டினேன். கோபப்படுவார், கத்துவார், கல்யாணத்தை நிறுத்துவார் என்றெல்லாம் மனசைத் தயார் பண்ணிக்கொண்டுதான் போயிருந்தேன். அவர் அப்படி எதுவும் செய்யவில்லை.

"சம்மந்தியம்மா, ரயில்வேயில கார்டு பரிட்சைய நான் மூணு தடவை பெயிலாகி நாலாவது தடவைதான் பாஸானேன். பிலோமிக்குத் தெரியும், கேட்டுப் பாருங்க. அன்னைக்கே என்னைப் பெயில் போட்டிருக்கலாமே. அடுத்த மாசம் மறுபடி வந்திருப்பேனே."

"சம்மந்தியாச்சேன்னுதான்..." என்று ஆரம்பித்து முடிக்க முடியவில்லை.

"கல்யாணம் நடக்கும். புள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அட்டையைப் பார்த்துச் சொன்னார். பிலோமி அக்கா காப்பி கொண்டு வந்து வைத்தார்கள். யாரும் குடிக்கவில்லை. கிளம்பும்போது, "சூசை மரியான் வீடு எந்தத் தெருவு?" என்று மட்டும் கேட்டார்.

இனி ஒவ்வொரு திருநாளுக்கும் பிறந்தநாளுக்கும் இந்த மனுஷன் முகத்துக்கு நேரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பேரப்பிள்ளை பிறந்தால் இரண்டு பேரும் தூக்க வேண்டும். அவர் நல்லவர். அதுதான் தாங்க முடியவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சம்மந்தி தனியாகத் தெரஸ்புரம் போய்விட்டு வந்தாராம். பிலோமி அக்கா சொன்னார்கள். அங்கே என்ன பேசினார் என்று அவர்களிடமும் சொல்லவில்லையாம். தோள் பட்டையை அவரே பிரித்து எடுத்துவிட்டார்.

நான் இன்னும் போகவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

அவுக வந்து இறங்கிவிட்டார்கள். டெல்சிக்கு வாட்ச், எனக்குச் சென்ட். சம்மந்தி வீட்டில் எல்லாம் சொல்லிவிட்டேன் என்றதும் பெட்டியைத் திறந்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். "பொன்னுத்துரை சார்ட்டயாவது சொல்லாம இரு. ஊருக்குத் தெரியாமலாவது போகட்டும்" என்றார்கள். டெல்சிதான், "அம்மா சொல்லட்டும்ப்பா. எனக்கே வீட்டுல மூச்சு முட்டுது" என்றாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்டதே இல்லை.

செப்டம்பர் 3, புதன்

அறுபதாவது நாள். கோடு போட்ட நோட்டு வாங்கி வைத்து ஒரு வாரமாகிறது. முதல் பக்கத்தில் என் பேர் மட்டும் எழுதினேன், அதற்கு மேல் ஓடவில்லை. பதினான்காம் தேதிப் பதிவை மட்டும் படி எடுத்தேன், மையில். 10.12, நீலம் பற்றிய செய்தி. 10.51, தரையில் இருந்து ரெஜினா மோத்தா பேசியது. இடையில் பதிவு எதுவும் இல்லை.

சார், தினமும் மூன்று விஷயம் எழுதச் சொன்னீர்கள். என்ன செய்தேன் என்பது மேலே இருக்கிறது. கற்றுக்கொண்டது, சம்மந்தி நாலாவது தடவையும் பரிட்சை எழுதக்கூடிய மனுஷன் என்று. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. எங்கே தப்பு என்றால், ஜூலை 13. நாற்காலியை நான்தான் திருப்பிப் போட்டேன்.

படி எடுக்கவில்லை. இந்த டைரியையே உங்கள் மேசையில் வைக்கிறேன், மூன்று பட்டையும் உள்ளே இருக்கிறது. படித்ததும் கூப்பிட வேண்டாம், நானே வருகிறேன். இப்போது தெரஸ்புரம் போகிறேன். ஜெரோம் கையில் அந்த வாட்சோடு என்னைக் கும்பிட வருவான். அதற்கு முன்னால் அவனிடம் என் நேரத்தைச் சொல்ல வேண்டும்.